மாஸ்டர் வண்டியை அணைப்பதில்லை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தம் அக்கா வீட்டு வாசலுக்கு வருவார், இறங்குவார், பேசுவார், கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார். ஆனால் வண்டியை மட்டும் அணைக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டே நிற்கும். மாஸ்டர் ஒரு கையைக் கார்க் கூரையிலும் மறு கையைக் கேட்டின் மேலும் வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் கிளம்பிவிடப் போகிறவர் போலவே நிற்பார். கிளம்பியும் விடுவார்.

"உள்ளதான் வாயேன்டா," என்பாள் அக்கா.

"ஸ்டூடன்ட் வெயிட் பண்றாங்கக்கா." இது ஒரு நாள். "வண்டி நிறுத்த எடமில்லக்கா." இது இன்னொரு நாள். அக்கா வீட்டு வாசலில் இரண்டு லாரிகளை நிறுத்திவிட்டு நடுவில் பந்தும் விளையாடலாம். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு காரணம் வந்ததும் அக்கா அந்தத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை பார்த்தாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து உள்ளே வா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். அந்தக் காரைச் சூடாக இருக்கும்போது அணைத்தால் திரும்பக் கிளம்பாது. காலையில் ஒரே திருப்பில் உயிர் பெறும். ஓடும்போது அதைப் போல ஒரு வண்டி இல்லை. ஓடி முடித்துச் சற்றுநேரம் அணைத்துவைத்தால் போதும், பிறகு சாவியை எத்தனை முறை திருப்பினாலும் இருமுமே தவிர எழுந்திருக்காது. முழுக்கக் குளிர்ந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மாஸ்டருக்கு இது வாங்கிய வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இதைச் சொல்லச் சரியான ஆள் ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வேலையென்றால் எல்லோரும் போவது அவளிடம்தான். வீட்டை ஒட்டியே ஷெட். வேறு ஒர்க்‌ஷாப்காரர்கள் கைவிட்ட வண்டிகளையெல்லாம் அங்கேதான் கட்டி இழுத்து வருவார்கள். மாஸ்டரால் அவளிடம்தான் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள்தான் அக்கா.

கார் வாங்கிய அன்று மாஸ்டர் அதைப் பெருமையாக ஓட்டிக்கொண்டு வந்து காட்டினார். உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அக்கா பானெட்டைத் திறந்து பார்த்தாள், மூடினாள், கையைத் துடைத்தாள்.

"நல்ல வண்டிதான். நடக்குற பழக்கத்த மட்டும் விட்டுடாத," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாக்கியம் மாஸ்டருக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்கள்கூட, "மாஸ்டர், இன்னைக்கு நடந்தா வந்தீங்க?" என்று விசாரித்தார்கள். அன்றைக்கு மாஸ்டர் மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இந்த வண்டி அக்கா கண்முன்னால் ஒருநாளும் நின்றுபோகக் கூடாது. ஸ்கூல் வண்டியில் போக வழியில்லை, வேலை முடிந்ததும் அதைப் பூட்டிவிட வேண்டும். நடந்து போகலாமே என்றால், அதைவிட அக்காவுக்கு வெற்றி வேறு என்ன வேண்டும்? ஆகவே மஞ்சள் காரிலேயே போனார், அணைக்காமல் நின்றார், திரும்பினார். மாதங்கள் ஓடின. இந்த ஏற்பாட்டைப் பற்றி அவருக்கு ரகசியமாகக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வம் ஒரு வியாழக்கிழமை நடுச் சிக்னலில் உடைந்தது. மருந்துக்கடைக்கார அம்மா ஒருவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது பின்கதவைத் திறந்துகொண்டு அக்கா வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். மாமா ஒரு காரியத்தை நேராகச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"நீங்க ஓட்டுங்கம்மா. நான் பேசிட்டு அடுத்த சிக்னல்ல எறங்கிக்கிறேன்," என்றார் அந்த அம்மாவிடம். பிறகு முன்சீட்டுக்குக் குனிந்தார். "மாப்ள, ஒங்கக்கா ஒர்க்‌ஷாப்ப விட்டுடப் போறா. எங்க தம்பி இருக்குற ஊருக்கே போயிடலாங்கறா."

மாஸ்டரின் கால் தன்னையறியாமல் தன் பக்கத்திலிருந்த இரண்டாவது பிரேக்கை அழுத்தியது. கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"நான் ஒண்ணுமே பண்ணல சார்," என்றார் மருந்துக்கடைக்கார அம்மா.

"நீங்க இல்லம்மா, நான்தான். எடுங்க, ஃபர்ஸ்ட் கியர். ஏன் மாமா, திடீர்னு?"

"திடீர்னு என்ன? கூடப் பொறந்தவனே வாசப்படி மிதிக்க மாட்டேங்கறான், இங்க நமக்குன்னு யாரு இருக்காங்கறா. அன்னைக்கு நாலு பேரு முன்னாடி சிரிச்சதுக்கு ஒனக்குக் கோவம்னு நெனச்சிட்டிருக்கா. கேட்டுக்கு வெளிய நின்னு எனக்கு முட்டிவலி மருந்து குடுத்துட்டுப் போறியே, அதுகூடக் கடமைக்குத்தான்னு சொல்றா. இன்னைக்குச் சாயங்காலம் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லணும்."

"எனக்குக் கோவமே இல்ல மாமா."

"அப்ப என்னதான்டா ஒனக்கு?"

மாஸ்டர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்கார அம்மாவைப் பார்த்தார். இந்த அம்மாவின் காதில் விழுவது எதுவும் மாத்திரை வாங்க வருகிற அத்தனை பேர் காதிலும் விழும். "சாயங்காலம் வரேன் மாமா," என்று மட்டும் சொன்னார். அந்தப் பாடத்தின் மீதி நேரத்தில் அவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

அக்கா இல்லாத ஊரை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு மஞ்சள் வண்டியின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக இருக்கிற ஒரே அக்காவை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். தெருவே சட்டென்று அமைதியானது. சத்தம் நின்றதைக் கேட்டு மாமா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா ஷெட்டில் ஒரு பம்ப்பைப் பிரித்துப் பெஞ்சில் பரப்பி வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க மாஸ்டர். உக்காருங்க," என்றாள்.

மாஸ்டர் உட்காரவில்லை. டேய் என்று கூப்பிடுவாள், எருமை என்று கூப்பிடுவாள், சின்ன வயதில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஒன்றைச் சொல்லிக் கல்யாண வீட்டில் கூப்பிட்டிருக்கிறாள். இந்த 'வாங்க' மட்டும் அவர் வாழ்க்கையில் கேட்காதது.

"அக்கா, எனக்கு ஒம்மேல கோவம் கெடையாது. வண்டி சூட்டுல அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. வாங்கின வாரத்துலேருந்தே அப்படித்தான். அதான் உள்ள வரல." மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

அக்கா கையிலிருந்த துணியை மெதுவாக மடித்தாள். "இத்தன மாசமா?"

"இத்தன மாசமா."

"சாவியக் குடுங்க."

அவள் நேராக வெளியே போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் கப்பென்று கிளம்பியது. தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அது என்றைக்குமே கிளம்பியதில்லை. மாஸ்டர் அதை நம்பிக்கைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இப்பதானக்கா அணைச்சேன். கொஞ்சநேரம் ஆனாத்தான் வேலைய காட்டும்."

"சரிங்க," என்றாள் அக்கா. காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து அணைத்துவிட்டு இறங்கினாள். "வாய் சொல்றதெல்லாம் நான் கேக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும். ஊசி சொல்லட்டும்."

அது அவள் தொழிலில் வைத்திருந்த வழக்கம். வண்டிக்காரர்கள் ஆயிரம் கதை சொல்வார்கள். தலையாட்டிக்கொண்டே அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டுவாள். அதில் ஊசி என்ன சொல்கிறதோ அதுதான் அவளுக்குப் பேச்சு. தம்பிக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

இன்ஜின் சூடு தணியட்டும் என்று பானெட்டைத் திறந்துவைத்தாள். ஷெட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க மாமாவை அனுப்பினாள். தீயணைக்கும் சிலிண்டரைக் காலடியில் வைத்தாள். பிறகு பெட்ரோல் குழாயின் மூட்டில் கந்தல் துணியைச் சுற்றி, ஸ்பேனரால் அதைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். உள்ளே அடைபட்டிருந்த பெட்ரோல் உஸ்ஸென்று துணியை நனைத்தது. அந்த இடத்தில் கேஜின் ஹோஸைப் பொருத்தி இறுக்கினாள். இன்ஜினைக் கிளப்பாமல், ஒரு துண்டு வயரால் பெட்ரோல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டாள். வண்டியின் பின்பக்கம் ரீங்காரம் எழுந்தது. ஊசி விறுவிறுவென்று ஏறி ஐந்தில் நின்றது.

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா, "நல்லா இருக்குன்னா சந்தோஷப்படணும் மாப்ள," என்றார்.

அக்கா வயரை எடுத்தாள். ரீங்காரம் நின்றது. "இப்பதான் பரீட்ச. பம்ப் நின்னதுக்கப்புறமும் குழாய்க்குள்ள அழுத்தம் நிக்கணும். நின்னா, சூட்டுலயும் வண்டி கெளம்பும். ஒடனே எறங்கிட்டா, குழாய்ல பெட்ரோலு ஆவியாப் போயிடும், வண்டி கெளம்பாது. இருவது நிமிஷம் பாக்கலாம்."

பம்ப் நின்ற வேகத்திலேயே ஊசி சடாரென்று மூன்றுக்கு இறங்கியது. மாஸ்டர் துள்ளி எழுந்தார். "விழுதுக்கா, விழுது பாரு."

"அது எல்லா வண்டிக்கும் விழும். இனிமே ரெண்டுக்குக் கீழ போகுதான்னு பாக்கணும். உக்காருங்க."

உட்கார்ந்தார். ஊசி மூன்றில் ஆடாமல் அசையாமல் நின்றது. மூன்று பேரும் பழைய டயர்களின் மேல் அமர்ந்து அதையே பார்த்தார்கள். கார் வைத்திருக்கிற மனிதர்கள் எதையெதையோ வேண்டிக்கொள்வார்கள். என் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று உருகி வேண்டிக்கொண்ட ஒரே ஆள் மாஸ்டராகத்தான் இருக்கும். இறங்கு, கொஞ்சம் இறங்கு, என்று மனதுக்குள் கெஞ்சினார். எத்தனை நாள் நடுத்தெருவில் என்னை நிறுத்தி மானத்தை வாங்கினாய், இன்றைக்கு ஒருநாள் வாங்கிவிடு என்று இறைஞ்சினார். ஊசிக்கு அவர் யாரென்றே தெரியவில்லை.

மாமா தேநீர் போட்டுக்கொண்டு வரலாமா என்று எழுந்தார். "அடுப்பு," என்றாள் அக்கா. மாமா உட்கார்ந்தார்.

"ஊர்ல எந்தம்பி போனுக்கு ஒக்காந்திருப்பான்," என்றார் சற்றுப் பொறுத்து, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"பேசிக்கலாம்," என்றாள் அக்கா. கேஜிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கவாட்டு முகத்தில் மாஸ்டர் கோபத்தைத் தேடினார். காணவில்லை. களைத்துப்போன ஒரு முகம்தான் இருந்தது. தம்பி சொன்னது பொய்யாகிவிடுமோ என்று அவளும் பயந்துகொண்டுதான் இருக்கிறாள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

முதலில் கவனித்தது மாமாதான். "மூணுல இருந்துச்சுல்ல?" என்றார்.

ஊசி மூன்றில் இல்லை. எப்போது நகர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் நகர்ந்திருந்தது. பார்க்கும்போதே இரண்டைத் தொட்டது. தாண்டியது. பிறகு வெட்கம் விட்டுப்போன மாதிரி கடகடவென்று இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மாஸ்டர் எழுந்து இரண்டு கையையும் விரித்து, மாமாவைக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு அந்தக் கேஜுக்கு முத்தம் கொடுக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். "செத்துப்போச்சுக்கா. சுத்தமா செத்துப்போச்சு. நான் பொய் சொல்லல."

"இல்ல," என்றாள் அக்கா. "நீ சொல்லல."

அவள் தரையில் படுத்துக் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பம்ப்புக்குப் பக்கத்தில் உருளையாக ஒரு டப்பா இருக்கும், அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை, உள்ளே இருக்கிற ரப்பர்த் தோல் கிழிந்திருக்க வேண்டும் என்றாள். வேறொன்றும் சிக்கல் இல்லை, அதை மாற்றினால் போதும் என்றாள். முதல் வாரமே கொண்டுவந்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும் என்றாள். எழுந்து பெஞ்சில் சாய்ந்து நின்றாள்.

மாஸ்டர் காத்திருந்தார். இப்போது வரும். இத்தனை மாதம் பயந்து பயந்து தள்ளிப்போட்டது இப்போது மொத்தமாக வரும். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"அப்ப ஒனக்குக் கோவம் இல்ல," என்றாள் அக்கா.

"இல்லவே இல்லக்கா."

"கோவமா இருந்திருக்கலாம்டா." அவள் குரல் கம்மியிருந்தது. "கோவம்னா என்னைக்காவது தீந்துடும். நான் வந்து காலப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன். நீ பயந்திருக்க. நான் சிரிப்பேன்னு பயந்து, வண்டிய அணைக்காம வாசல்லயே நின்னுட்டுப் போயிருக்க. என் வாய் அவ்ளோ மோசமாடா?"

மாமா ஒரு ஸ்பேனரை எடுத்து அதன் எண்ணைப் படிக்கத் தொடங்கினார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். மாஸ்டரின் நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஷெட்டில் பொய்க்கு இடமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"ஆமாக்கா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கேஜைக் கழற்றினாள், மூட்டை இறுக்கினாள், சிந்தியதைத் துடைத்தாள், கையைக் கழுவினாள். "சாப்பிட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் அந்த வீட்டுக்குள் நெடுநாளைக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அதைச் சாப்பாடு என்று சொல்வதா தண்டனை என்று சொல்வதா தெரியவில்லை. அக்கா பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போதும் என்றால் போதும் என்று விட்டாள். அந்த வீட்டில் போதும் என்ற வார்த்தைக்கு அதுவரை யாரும் மதிப்புக் கொடுத்ததில்லை. ஸ்கூலில் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரித்தாள். மாஸ்டர் தன் மாணவர் ஒருவர் பின்னால் போகச் சொன்னால் முன்னால் போய்ப் பூந்தொட்டியை உடைத்த கதையைச் சொன்னார். அக்காவின் கிண்டலுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. அவளோ பாவம் என்று மட்டும் சொன்னாள்.

மாமா மாஸ்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி மாஸ்டரின் முகத்தையே பார்த்தார், தட்டில் குனிந்துகொண்டார். அவருக்குத் தோள் குலுங்கியது. மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் ஊற்ற எவர்சில்வர் ஜக்கை எடுத்தபோதுதான் அதில் தன்னைப் பார்த்தார். நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனி வரை பட்டையாக இறங்கி, ஒரு பக்கக் கன்னத்தில் மடங்கிய கறுப்புக் கிரீஸ். பானெட்டுக்குள் தலையை விட்டபோது அப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் சாப்பிட உட்கார்ந்ததிலிருந்தே அது இருக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, கண் கலங்க, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

மாஸ்டர் இத்தனை மாதம் எந்தக் கேலிக்குப் பயந்து ஓடினாரோ, அது நின்றுபோனால் இப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் அவள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியதில்லை, இங்கேயே இருந்தும் போய்விடுவாள்.

ஜக்கைக் கீழே வைத்தார். கிரீஸைத் துடைக்கவில்லை.

"சொல்லுக்கா," என்றார்.

"என்ன சொல்ல?"

"ஒனக்கே தெரியும். சொல்லு. நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நானும் போகல," என்றாள்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் மூஞ்சியைச் சாவகாசமாக ஒருமுறை ஆராய்ந்தாள்.

"ஓட்டக் கத்துக்கறவங்க காருக்குத்தானடா முன்னாடி எல் போர்டு மாட்டுவீங்க," என்றாள். "நீ ஏன்டா எருமை மூஞ்சிலயே மாட்டிட்டு ஒக்காந்திருக்க?"

மாமா தம் தம்பிக்குப் போன் போடக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நம்பரை அழுத்திவிட்டு, பின்னால் கேட்ட சிரிப்பு கொஞ்சம் அடங்கட்டும் என்று வாசல் வரை நடந்துபோய்ப் பேசினார்.